மழையில் காயும் விளக்குகள்

சில்லறை இல்லை என்று சொல்லிச் சொல்லியே அரசு பஸ்ஸில் கண்டக்டர் சர்வீஸை முடித்தவர் பக்கிரி. பொய் சொல்ல அவருக்கு நாக்கு கூசாது. ஆனால் அன்று காலை, சேத்தியாத்தோப்பைத் தாண்டி வயலுக்கு நடுவே தனியாக நின்ற அந்த மனநோயாளர் இல்லத்தின் இரும்பு கேட் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டபோது, சொல்ல வந்த பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் இளமதி, வக்கீல் கோட்டை ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள். விருத்தாசலம் கோர்ட்டில் அவள் வக்கீல். வழியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்காடும் சட்ட உதவிக் குழுவில் அவள் பெயர் உண்டு. அந்தக் குழுவுக்கு ஓடியாடி உதவுகிற தொண்டர் பக்கிரி. கட்சிக்காரர் சொன்னதை அப்படியே மனுவாக எழுதுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நேரில் போய்ப் பார்த்து, கிளறி, நாலு பேர் வாயைப் பிடுங்கிவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள். அதனால் கோர்ட் வளாகத்து டீக்கடையில் அவளுக்குத் துப்பறியும் வக்கீல் என்றே பெயர்.

"யாருக்குங்க சீக்கு?" என்று கேட்டான் தங்கதுரை. அவன்தான் அந்த இல்லத்தின் நிர்வாகி.

பக்கிரி சுதாரித்துக்கொண்டார். இளமதி மேடம் தன் தங்கச்சி என்றார். தங்கச்சியின் வீட்டுக்காரருக்குத்தான் மனசு சரியில்லை என்றார். கல்யாணமே ஆகாத மேடத்துக்கு நின்ற இடத்தில் ஒரு புருஷனை ஏற்பாடு செய்து, அவனுக்குத் தூக்கம் கெட்டு, காதில் ஆள் இல்லாத குரல் கேட்கிறது என்பது வரை வியாதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

தங்கதுரை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம், குடும்பத்தில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதும், வண்டி வாசலுக்கே வந்துவிடும் என்றான். கையெழுத்துப் போட்டவர் வந்து கேட்டாலொழிய ஆளை வெளியே விடுவதில்லை என்பதையும் ஏதோ கொசுறு கொடுக்கிற மாதிரிச் சொன்னான். பிறகு கொட்டகையைத் திறந்து காட்டினான்.

நீளமான ஓட்டுக் கொட்டகை. தூணுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஆள் வந்தும் ஏன் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை என்று பக்கிரிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் கணுக்கால்களைப் பார்த்தார். சங்கிலி. நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவரை நிமிர்ந்து பார்த்து, "சிதம்பரம் பஸ்ஸு வந்துடுச்சா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மனுஷர் பக்கிரி. அன்றைக்கு அவருக்கு வாய் வரவில்லை. எங்கே அழுதுவிடுவோமோ என்று பயந்துபோனார்.

அந்தப் பதற்றத்தில்தான் வாய் தவறியது. "இங்க விருத்தாசலத்துப் புள்ள ஒருத்தன், நந்தகுமாருன்னு..." என்று நேராகவே கேட்டுவிட்டார். இளமதி அவர் காலை மிதித்தாள். ஆனால் மிதி வருவதற்குள் வார்த்தை போய்விட்டது.

தங்கதுரையின் முகம் மாறியது. ஆனாலும் அவனுக்குள் ஓர் எரிச்சல் இருந்தது, அது சந்தேகத்தை முந்திக்கொண்டது. "அவனா? போன வருஷம் இங்கதான் கெடந்தான். அவங்கம்மா வந்து கேட்டுல உருண்டு பொரண்டு, ஊரையே கூட்டி, கூட்டிக்கிட்டுப் போச்சு. இப்ப அந்தப் பையனோட அண்ணன், பெண்ணாடத்துக்காரரு, மறுபடியும் கையெழுத்துப் போட்டாரு. வியாழக்கிழம வண்டிய அனுப்பினா, புள்ள எங்கயோ ஓடிட்டான்னு அந்தம்மா கைய விரிச்சிடுச்சு. வெறும் வண்டிதான் திரும்புச்சு."

சொல்லி முடித்த பிறகுதான், நீங்கள் எதற்கு அவனைக் கேட்கிறீர்கள் என்று கேட்டான். சொந்தத்தில் யாரோ சொன்னார்கள் என்று மழுப்பிவிட்டு, வீட்டில் கலந்துகொண்டு வருவதாக இளமதி கும்பிடு போட்டாள். கேட்டுக்கு வெளியே கால் வைக்கும்வரை பக்கிரி மூச்சே விடவில்லை. திரும்பிப் பார்த்தபோது தங்கதுரை போனைக் காதில் வைத்திருந்தான்.

*

விருத்தாசலம் பஸ்ஸில் கூட்டமில்லை. சாரலுக்கு ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே புழுக்கமாக இருந்தது. பக்கிரி ஒரு ஷட்டரை ஏற்றிவிட்டு, நனைந்தாலும் பரவாயில்லை என்று முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார். அவருக்குக் காற்று தேவைப்பட்டது.

"மன்னிச்சிக்குங்க மேடம். கண்டக்டர் வாயி. ஸ்டாப்பிங் வரதுக்கு முந்தியே கத்திடுச்சு."

"நல்லதுதான் பக்கிரிண்ணே. நீங்க கத்தலன்னா அவன் வியாழக்கிழம கதையச் சொல்லியிருக்க மாட்டான்."

திங்கட்கிழமைதான் திரௌபதி என்ற அந்த அம்மாள் குழுவின் ஆபீஸுக்கு வந்திருந்தாள். செராமிக் பேட்டைக்குப் பின் தெருவில் பொம்மையும் விளக்கும் செய்கிற சின்ன பட்டறை. புருஷன் இல்லை. மூத்தவன் அன்புச்செல்வன் பெண்ணாடத்தில் கரும்பு வெள்ளாமை பார்க்கிறான். இளையவன் நந்தகுமாருக்குப் படிப்பு முடித்த கையோடு மனநோய் வந்தது. மாத்திரை எடுத்துக்கொண்டால் பட்டறையில் விளக்கு அச்சு வேலை பார்ப்பான். நிறுத்தினால் காதில் கேட்கும் குரலோடு பேசியபடி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கிவிடுவான். மூத்தவன் அவனை வண்டியில் ஏற்றி அந்த இல்லத்துக்கு அனுப்பிவிட்டான், மீட்டுக் கொடுங்கள் என்று அவள் அழுததில் ஆபீஸே ஆடிப்போனது.

"அந்தம்மா நம்மகிட்ட என்னா சொன்னாங்க?" என்றாள் இளமதி.

"வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சின்னாங்க."

"வண்டிக்காரன்கிட்ட?"

"ஓடிப்போயிட்டான்னு..." பக்கிரி நிறுத்தினார். "ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு பஸ்ஸுல ஏறியிருக்கான் மேடம்."

தங்கதுரை பொய் சொல்லியிருக்கலாமே என்று அவரே ஒரு வழியும் சொல்லிப் பார்த்தார். இளமதி தலையாட்டி மறுத்தாள். ஆளை மறைத்து வைத்திருக்கிறவன் வண்டி அனுப்பியதையே ஒப்புக்கொள்ள மாட்டான், வெறும் வண்டி திரும்பியதற்கு வருத்தப்படவும் மாட்டான் என்றாள். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். பெற்ற தாய் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று பக்கிரி கேட்டார். அதை அந்த வீட்டு வாசலிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றாள் மேடம்.

*

திரௌபதி வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டதால் எங்கு பார்த்தாலும் விளக்கு. அச்சிலிருந்து எடுத்து, இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண் விளக்குகள் பலகை பலகையாகக் கட்டில் மேலும் பெஞ்சு மேலும் பரப்பியிருந்தன. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கல் வைத்திருந்தார்கள். தாளின் ஓட்டையில் தூறல் சொட்டி, ஓரத்து வரிசை விளக்குகளெல்லாம் மூக்கு கரைந்து சேறாகக் கிடந்தன.

"என்னம்மா, தீபத்துக்கு முன்னாடியே எண்ணெய் தேச்சிக் குளிப்பாட்டுறீங்களா?" என்றார் பக்கிரி.

ஆள் வரவில்லை, ஒண்டியாக என்ன செய்வது என்று திரௌபதி முணுமுணுத்தாள். ஒல்லியான, வேலை பார்த்தே முறுக்கேறிய உடம்பு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இளமதி சுற்றி வளைக்காமல், இல்லத்துக்குப் போய் வந்ததையும் நந்தகுமார் அங்கே இல்லை என்பதையும் சொன்னாள்.

அப்படியானால் என் பிள்ளை எங்கே என்று அவள் அலறப்போகிறாள் என்று பக்கிரி எதிர்பார்த்தார். திரௌபதி கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். "அப்ப அன்பு மேல கேஸு போட முடியாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு டீ வைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

பக்கிரியும் இளமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பக்கிரிண்ணே, நீங்க இந்த ஊர்லயே பொறந்தவரு. மழ நாள்ல பச்சை விளக்க எங்க காயவைப்பாங்க?"

"இது என்னா மேடம் கேள்வி? ரூமுலதான். சூளையோட சூடு கொழா வழியா உள்ள போவும். கதகதன்னு இருக்கும். ஜன்னல்கூட வெக்க மாட்டாங்க."

"இந்த வூட்டுல அந்த ரூமு இல்லையா?"

இருந்தது. பட்டறைக் கொட்டகைக்குப் பின்னால், சூளையை ஒட்டி, தாழ்வான செங்கல் அறை. சூளை அணைந்து கிடந்தது. அறையின் கதவில், வெளிப்பக்கம், கடையிலிருந்து வாங்கி வந்த பளபளப்பு மாறாத இரும்புத் தாழ்ப்பாள்.

"வருஷத்துலயே வேல நெருக்குற சமயம். இந்த நேரத்துல ஒரு வெளக்குக்காரம்மா காயவைக்கிற ரூமுக்குத் தாழ்ப்பாளப் போட்டுட்டு, வெளக்க மழையில வெச்சிருக்காங்க. ஏன்?"

"உள்ள வெளக்கவிட ஒசத்தியான சாமான் எதாச்சும் இருந்தா வெப்பாங்க" என்றார் பக்கிரி. தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற மனுஷர் இந்த முறை சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது. டீத் தட்டோடு திரௌபதி நின்றிருந்தாள். அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளும் பார்த்தாள். கத்தவில்லை, மறுக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தொறங்கம்மா" என்றாள் இளமதி.

அவள் திறந்தாள்.

*

இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். விளக்கு அடுக்குகிற சட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றுக்கு நடுவே பாய் விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து நந்தகுமார் உட்கார்ந்திருந்தான். முப்பது தாண்டியவன். சவரம் செய்திருந்தான். துவைத்த சட்டை. பக்கத்தில் தண்ணீர்க் குடம், மூடி போட்ட வாளி, மாத்திரை அட்டை. இல்லத்துக் கொட்டகையில் பார்த்த அழுக்கு எதுவும் இங்கே இல்லை. அதுதான் பக்கிரிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் கணுக்காலில் பழைய சங்கிலியின் தழும்பு வளையமாகத் தெரிந்தது.

"வெளிய வுட்டா ரோட்டுல நடப்பான். நடந்தா யாராச்சும் பாத்து அன்புக்குப் போன் போட்டுடுவாங்க. வண்டி வந்துடும்" என்றாள் திரௌபதி. கதவைப் பிடித்தபடியே பேசினாள். "உள்ள வெச்சா, அவங்க அங்க பண்ணத நானே இங்க பண்றன். சூளைய மூட்டினா சூடு இவன் மேலதான் வரும், அதான் மூட்டல. தொறக்கவும் பயமா இருக்குது, மூடவும் பயமா இருக்குது. நான் எங்க போவேன் வக்கீலம்மா?"

"ஒளிச்சு வெச்ச நீங்களே தேடச் சொல்லி வந்தீங்களே, ஏம்மா?"

அன்பு மேல் வழக்கு இருந்தால் அவன் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று நினைத்ததாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அது முழு உண்மை இல்லை என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்களாச்சும் வந்து தொறப்பீங்கன்னு இருந்துச்சோ என்னமோ. என் கையால முடியல."

வாசல் பக்கம் ஹாரன் அடித்தது. இரண்டாம் முறை நீளமாக அடித்தது. திரௌபதி ஓரடி பின்வாங்கிக் கதவுக்கு வெளியே போனாள். என்ன செய்கிறாள் என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

*

அறைக்குள் மூன்று பேர். கதவுக்கு அடியில் கோடாக ஒரு வெளிச்சம். அவ்வளவுதான்.

பக்கிரி முதலில் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மேலே கூரை இறங்கி வருகிற மாதிரி இருந்தது. அம்மா, திறங்கள் என்று கத்திக் கதவைத் தட்டக் கை ஓங்கினார்.

"தட்டாதீங்க சார்" என்றான் நந்தகுமார். நிதானமான குரல். "தட்டினா அம்மாவுக்குப் பயம் வந்துடும். பயம் வந்துட்டா தொறக்காது. கதவுக்கு அடியில காத்து வரும், அங்க குனிஞ்சி உக்காருங்க. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

பக்கிரி குனிந்து உட்கார்ந்தார். காற்று வரத்தான் செய்தது. இதையெல்லாம் இவன் எத்தனை தடவை தட்டிப் பார்த்துக் கற்றிருப்பான் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கத்தப் பார்த்தோமே.

வெளியே அன்புச்செல்வனின் குரல் நெருங்கியது. தங்கதுரைதான் போன் செய்திருக்கிறான். யார் இல்லத்துக்குப் போய்த் தம்பியை விசாரித்தது என்று அன்புச்செல்வன் கேட்டான். தனக்குத் தெரியாது என்றாள் திரௌபதி. அதட்டுவான் என்று பக்கிரி காத்திருந்தார். அவனோ கெஞ்சினான். பக்கத்து ஊரான மங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தன் மகள் பாரதியைப் பெண் பார்க்க வருகிறார்கள், அவர்கள் வந்து போகிறவரைக்கும் தம்பி அந்த இல்லத்தில் இருக்கட்டும், அவன் இருக்கும் இடம் தெரிந்தால் சொல்லிவிடு என்றான். ஓடிப்போனவனை எங்கே போய்த் தேடுவேன் என்று அவள் அழுதாள்.

பிறகு பிளாஸ்டிக் தாளை விலக்குகிற சரசரப்பு கேட்டது.

"ஏம்மா, பச்சை வெளக்க எதுக்கு வெளிய வெச்சிருக்க?"

அவனும் அந்த வாசலில் வளர்ந்தவன்தானே. மேடத்துக்குக் கிடைத்த துப்பு அவனுக்கு மட்டும் கிடைக்காதா?

இளமதி அதற்குள் போன் விளக்கைப் போட்டு, பையிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்திருந்தாள். நந்தகுமாரின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னக் குரலில், அவசரப்படாமல் பேசினாள். உனக்கு முடியாமல் போகிற நேரத்தில் உனக்காக யார் பேச வேண்டும் என்று நீயே பேர் சொல்லலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, வெள்ளைத்தாளே போதும் என்றாள். பேர் எழுதிவிட்டால் வேறு யார் கையெழுத்தை வைத்தும் உன்னை எங்கேயும் கொண்டுபோக முடியாது. உன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதையும் எழுதலாம்.

"யாரு பேர எழுதட்டும் நந்தகுமார்?"

தலையைச் சாய்த்து, வேறு யாரோ பேசி முடிக்கட்டும் என்பது போலக் காத்திருந்தான். கதவுக்கு அடி இடுக்கு வழியாகப் பக்கிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஜோடி செருப்பு சூளையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு ஜோடி. சீக்கிரம் சொல்லுடா ராஜா என்று அவர் மனசுக்குள் கும்பிட்டார்.

"அம்மா பேரு" என்றான் நந்தகுமார். அடைத்து வைத்தவள் பேரையா என்று பக்கிரி திரும்பிப் பார்த்தார். "ஆனா கூட ஒண்ணு எழுதணும்" என்று அவன் முன்னால் சாய்ந்து மேடத்தின் காதருகே ஏதோ சொன்னான். ஓடிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. அவன் கையெழுத்துப் போட்டான்.

தாழ்ப்பாள் இழுபட்டது. அந்த இருட்டிலும் மேடம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டதைப் பக்கிரி பார்த்தார்.

*

தம்பியைப் பிடிக்க நீட்டிய கையோடு உள்ளே வந்த அன்புச்செல்வன், எதிரே வக்கீல் கோட்டைப் பார்த்து அப்படியே பின்வாங்கினான். அவனுக்குப் பின்னால் நின்ற இல்லத்து ஆட்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

இளமதி தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"இவன் கையெழுத்து எப்படிங்க செல்லும்? இவனுக்குத்தான் புத்தி..."

"செல்லும். சீக்கு வந்தா கையெழுத்து ஒண்ணும் போயிடாது. இவரு விஷயத்துல இனிமே செல்லாதது உங்க கையெழுத்துதான்." பிறகு அந்த இருவரிடம் திரும்பினாள். "உங்க இல்லத்துக்குப் பதிவு கிடையாதுன்னு நேத்தே விசாரிச்சிட்டேன். இன்னைக்குக் காலையில கொட்டகையையும் பாத்துட்டேன். ஆளுங்களுக்குச் சங்கிலி போடுறது குத்தம். புகார் சாயந்தரத்துக்குள்ள கலெக்டர் ஆபீஸுக்குப் போயிடும். அங்க கட்டிவெச்சிருக்கிற ஒருத்தருகூட விட்டுப்போகாம எழுதுவேன். உங்க பேரும் வேணும்னா சேத்துக்கறேன்."

அவர்கள் பேரைச் சொல்ல நிற்கவில்லை. சந்துக்குள் வண்டி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. "போலாம் ரைட்" என்றார் பக்கிரி, அனிச்சையாக.

அன்புச்செல்வன் அணைந்த சூளையின் மேடையில் உட்கார்ந்துவிட்டான். கோபம் வடிந்தபோது அவன் முகம் தம்பியின் முகம் மாதிரியே இருந்தது. "நான் மட்டும் சந்தோஷமாவா மேடம் பண்றன்? இந்தச் சீக்குக்கு என்னா பண்றதுன்னு எத்தன பேரக் கேட்டிருப்பேன். எல்லாரும் அந்த எடத்தத்தான் சொன்னாங்க. வேற எடம் இருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல."

அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் பக்கிரி நினைத்திருந்தார். கேட்கத் தோன்றவில்லை. இளமதியும் திட்டவில்லை. பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருகிற நாளன்று அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வீட்டோடு வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்தால் எங்கே சேர்க்கலாம், எத்தனை காலம், யார் சம்மதத்தில் என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது, அதைக் கேட்க யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்றாள். "சட்ட உதவி அவருக்கு மட்டும் இல்லிங்க, குடும்பத்துக்கும்தான். நீங்களும் குடும்பம்தான்." அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

திரௌபதி இதையெல்லாம் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. அவள் கண் அந்தத் தாளின் மேலேயே இருந்தது. தன் பேரையா எழுதினான் என்று மறுபடி மறுபடி கேட்டாள். ஆமாம், ஆனால் நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும், அதற்கு முன்னால் அவர் என்ன எழுதச் சொன்னார் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இளமதி படித்தாள்.

"'என்னை எந்த அறையில் வைத்தாலும் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும்.'"

திரௌபதி கதவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "உள்ளேருந்து போட்டுக்கிட்டு, அந்தக் கொரலு ஏதாச்சும் சொல்லி, தொறக்காமயே இருந்துட்டா?"

நியாயமான பயம்தான். பக்கிரிக்கும் அதே பயம் வந்திருந்தது. மேடம் ஏதாவது தைரியம் சொல்வாள் என்று அவர் பார்த்தார்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா" என்றாள் இளமதி. "அவரத்தான் கேக்கணும்."

நந்தகுமார் தாயைப் பார்த்துச் சொன்னான். "நீ கூப்புடு. தொறக்கறன்."

அவள் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எழுத்துக் கூட்டி, தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பட்டறையில் கிடந்த திருப்புளியை எடுத்து வெளித் தாழ்ப்பாளைப் பக்கிரியே கழற்றினார். ஒரு திருகு இறுகிப்போயிருந்தது. அன்புச்செல்வன் எழுந்து வந்து கதவை அசையாமல் பிடித்துக்கொண்டான். உள்பக்கம் வைத்து முடுக்கியதும் நந்தகுமார் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். தானாகவே உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வெளியே கேட்டது.

இப்போது வெளியே நின்றவர்கள் யாராலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. திரௌபதி தட்டப் போனாள். கையை மடக்கிக்கொண்டாள். நெற்றியைக் கதவில் வைத்து, "நந்து" என்று கூப்பிட்டாள்.

சத்தமில்லை. தூறல் வலுத்து ஓட்டின் மேல் விழுந்தது. பக்கிரி வாழ்நாளில் எத்தனையோ வண்டிக்குக் காத்திருந்தவர், இந்த மாதிரிக் காத்திருந்ததில்லை. கையிலிருந்த திருப்புளி ஈரமாகிவிட்டது.

"நந்து" என்றாள் மறுபடியும்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவைத் திறந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"என்னாம்மா?"

திரௌபதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லடா. சும்மாதான் கூப்புட்டன்."